பேட்டரி பெரிதா, சார்ஜிங் பெரிதா?

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் தல்லாகுளத்தில் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. மலையில் இருந்து வரும் கள்ளழகரை மதுரை மக்கள் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவை, அன்றிரவு அழகர் பெருமாள் கோவிலில் தங்குவது, விடிந்தால் வைகையில் இறங்குவது என்று ஊரே விழித்திருக்கும். எங்கள் வீட்டிலும் விருந்தினர் கூட்டம் நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் ஆண்டு தவறாமல் குடும்பத்துடன் வந்து சேர்பவர் என் கல்லூரி நண்பர். பாம்பன்காரர். சொந்தமாக ஒரு விசைப்படகு வைத்திருக்கிறார்.

கடல் தொழில் செய்பவருக்குச் சித்திரையில் எப்படி ஓய்வு கிடைக்கிறது என்று கேட்கிறீர்களா? மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. திருவிழா பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும். படகு கரையில், நண்பர் தல்லாகுளத்தில்!

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்தபோது காப்பி குடித்த கையோடு அவர் கேட்டார்: "ஏம்ப்பா, நீதான் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் எல்லாம் சர்வீஸ் பண்றியே. படகுக்கு நல்ல பேட்டரியா ஒண்ணு சொல்லு. இந்தத் தடவை 200 ஏ.எச். போட்டுடலாம்னு இருக்கேன்."

"இப்ப என்ன ஓடுது?" என்றேன்.

"150. வாங்கி எட்டு மாசம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி 130. அதுக்கும் முன்னாடி 100. எதுவுமே தாங்கல."

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. யூ.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கவில்லை என்றால் பெரிய யூ.பி.எஸ். வாங்குகிறோம். இன்வெர்ட்டர் இரவு முழுவதும் வரவில்லை என்றால் அடுத்த சைஸ் பேட்டரியை வாங்குகிறோம். பழைய பேட்டரி ஏன் போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், கையில் இருக்கும் முதல் ரூபாயைப் பேட்டரியில் போடாதீர்கள், சார்ஜிங்கில் போடுங்கள்.

கடலில் அன்று நடந்தது

நண்பர் சொன்னதை அப்படியே தருகிறேன். ஓர் இரவில் மடியை ஏற்றி முடித்துவிட்டு இன்ஜினை நிறுத்தி, ஆட்கள் கொஞ்சம் கண் அயர்ந்திருக்கிறார்கள். மேலே லைட் எரிந்தது. ஜி.பி.எஸ். ஓடியது. ஐந்து செல்போன்கள் சார்ஜ் ஏறிக் கொண்டிருந்தன. மூன்று மணி நேரம் கழித்து செல்ப் அடித்தால் "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அதோடு ஜி.பி.எஸ். திரையும் அணைந்துவிட்டது. வயர்லெஸ்சும் பேசவில்லை. படகில் இருந்தது ஒரே பேட்டரி. இன்ஜினைக் கிளப்புவதும் அதுதான், லைட்டும் கருவிகளும் ஓடுவதும் அதில்தான்.

விடியும் வரை காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் படகு போயிருக்கிறது. பாக் நீரிணையில் இந்திய-இலங்கைக் கடல் எல்லை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் 1976-ல். அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது; ஜி.பி.எஸ். திரையில்தான் தெரியும். தாண்டினால் படகும் போகும், ஆட்களும் சிறைக்குப் போவார்கள். 'பேட்டரி இறங்கிவிட்டது' என்று ரோந்துக் கப்பலில் சொல்லித் தப்பிக்க முடியுமா? நல்லவேளையாக, காலையில் பக்கத்தில் வந்த இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறது.

நம் வீட்டில் பேட்டரி போனால் சேமிக்காத பைல் ஒன்று போகும். அங்கே போவது வேறு.

மல்டிமீட்டர் சொன்ன பதில்

திருவிழா முடிந்ததும் மல்டிமீட்டரைப் பையில் போட்டுக் கொண்டு அவருடனேயே பாம்பனுக்குப் பஸ் ஏறினேன். படகில் பேட்டரியை அளந்தால் 11.6 வோல்ட்! 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது சுமார் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே பொருள். தடைக்காலம் தொடங்கிய நாளில் இருந்து யாரும் அதைத் தொடவில்லை. எந்த லெட் ஆசிட் பேட்டரியும் சும்மா இருந்தாலே இறங்கும். வெயில் ஏற ஏற வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளின் மேல் லெட் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஒவ்வொரு தடைக்காலத்திலும் நண்பர் ஒரு பேட்டரியைத் தன் கையாலேயே கொன்று கொண்டிருந்தார்.

அடுத்து, வேறு பேட்டரி வைத்து இன்ஜினைக் கிளப்பினோம். லைட், கருவிகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அளந்தேன். நம் ஊரில் டைனமோ என்று அழைக்கும் ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட். சரியான அளவு. ஆனால் பேட்டரி முனைகளில் 13.3 தான் இருந்தது! மீதி எங்கே போனது? வழியில் இருந்த மெல்லிய ஒயரிலும், பச்சை பூத்த டெர்மினலிலும், துரு ஏறிய எர்த் போல்ட்டிலும் போனது. லைட்டும் கருவிகளும் அதே ஒயரில் தொங்கியதால், இன்ஜின் ஓடிய நேரம் முழுக்க இந்த இழப்பு தொடர்ந்தது. லெட் ஆசிட் பேட்டரி முழுதாக நிரம்ப 14.4 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 13.3-ல் அது அரையும் குறையுமாகவே கிடக்கும்.

இந்த நிலையில் 200 ஏ.எச். வாங்கினால் என்ன ஆகும்? குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீருக்குக் குடம் போதாது என்று அண்டா வாங்கி வைத்த கதைதான். தடித்த ஒயர், புதிய டெர்மினல், சுத்தமான எர்த். இவ்வளவுதான் செய்தோம். பேட்டரி முனையில் 14 வோல்ட் வந்தது. செலவு புதிய பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் பத்து மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் மொத்தம் 20 மீட்டர். வயர்லெஸ் பேசும்போது 6 ஆம்பியர் இழுக்கிறது என்றால் வழியிலேயே 0.9 வோல்ட் காணாமல் போகும். அதே இடத்தில் 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரியில் பாதி சார்ஜ் இருந்தும் வயர்லெஸ் பேசாமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வி.எச்.எப். வயர்லெஸ்சில் 16-ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கானது. அந்த அழைப்பு போகாமல் இருப்பதற்கு ஒரு மெல்லிய ஒயர் காரணமாக இருக்கக் கூடாது அல்லவா?

24 வோல்ட் படகு வைத்திருப்பவர்கள் இன்னொரு தவறு செய்கிறார்கள். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்துவிட்டு, 12 வோல்ட் கருவிகளுக்கு அதில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் ஒயர் எடுப்பார்கள். அந்தப் பேட்டரி எப்போதும் குறையாகவே கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது.

எத்தனை ஏ.எச். வேண்டும்?

அப்படியானால் பேட்டரியின் அளவு முக்கியமே இல்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். ஆனால் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கணக்குப் போட்டு முடிவு செய்ய வேண்டும். இன்ஜின் பழுதாகி ஓர் இரவு முழுக்க, அதாவது 12 மணி நேரம், நடுக்கடலில் நிற்கிறோம் என்று வைத்துக் கொள்வோம்.

ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர்: 1 ஆம்பியர் வீதம் 12 ஏ.எச்.
வயர்லெஸ் கேட்பதற்கு: அரை ஆம்பியர் வீதம் 6 ஏ.எச்.
வயர்லெஸ் பேசுவதற்கு: மொத்தம் அரை மணி நேரம், 5 ஆம்பியர் வீதம் 2.5 ஏ.எச்.
எல்.ஈ.டி. லைட்டுகள் 30 வாட்: 30 ஏ.எச்.
செல்போன்கள்: 5 ஏ.எச்.

மொத்தம் சுமார் 56 ஏ.எச். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். எனவே 112, சற்றுக் கூட்டி 120 ஏ.எச். போதும். இதில் பாதிக்கு மேல் லைட் தின்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆபத்து நேரத்தில் அடையாள விளக்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்தால், அதே பேட்டரி இரண்டாவது இரவுக்கும் வரும். உங்கள் படகில் இருக்கும் கருவிகளின் எண்களைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள்.

இரண்டு வேலைக்கு இரண்டு பேட்டரி

அளவை விட முக்கியமானது பிரிப்பது. லாரி பேட்டரி, அதாவது ஸ்டார்ட்டர் பேட்டரி, மெல்லிய தகடுகள் பல கொண்டது. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். உடனே சார்ஜ் ஏற வேண்டும். அதில் மணிக்கணக்காக லைட் எரித்தால் சில மாதங்களில் படுத்துவிடும். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் டியூப்ளர் வகை இதற்கு நேர் எதிர். மெதுவாக, ஆழமாக இறங்கி ஏறுவதற்காகவே செய்யப்பட்டது. ஆனால் உயரமான டியூப்ளர் பேட்டரி, ஆடும் படகுக்கு ஏற்றதல்ல. ஆசிட் தளும்பும். ஆசிட்டில் கடல் நீர் கலந்தால் குளோரின் வாயு வரும்; மூடிய அறையில் அது விஷம். ஆழமாக இறங்கி ஏறத்தக்க, ஆசிட் சிந்தாத சீல் வகை பேட்டரியே படகில் லைட்டுக்கும் கருவிகளுக்கும் நல்லது. எந்த வகையாக இருந்தாலும் அசையாமல் கட்டி, காற்று வெளியேறும் இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும்.

ஸ்டார்ட்டருக்கு ஒன்று, கருவிகளுக்கு ஒன்று. இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் தானே பிரித்துவிடும் ரிலே ஒன்று நடுவில். கருவிப் பேட்டரி காலியானாலும் செல்ப் அடிக்கும்! சில இடங்களில் ரிலேக்குப் பதில் டயோடு போடுகிறார்கள். அதில் 0.6 வோல்ட் வரை வீணாகும். மறுபடியும் அதே அரைகுறை சார்ஜ்தான்.

லித்தியம் வாங்கலாமா?

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி இது. என் பதில், ஆளைப் பொறுத்தது. ஆல்டர்னேட்டர் இல்லாத சிறு நாட்டுப்படகில் போகிறவர், தினமும் பேட்டரியைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு வந்து சார்ஜ் போடுகிறார். அவருக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை உண்மையிலேயே வரம். 100 ஏ.எச். லெட் ஆசிட் சுமார் 30 கிலோ. லித்தியம் அதில் பாதிக்கும் குறைவு. கொள்ளளவில் 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் சல்பேட் படியாது. விலை அதிகம்தான், ஆனால் ஆயுளைக் கணக்கிட்டால் கட்டுப்படியாகும். லித்தியத்துக்கு என்று உள்ள சார்ஜரையும் சேர்த்தே வாங்க வேண்டும். பழைய வாகனங்களில் இருந்து எடுத்த செல்களைச் சேர்த்துக் கட்டி மலிவாக விற்பதைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள்.

விசைப்படகுக்காரர் அவசரப்பட வேண்டாம். லித்தியம் கிடைக்கும் கரண்டை எல்லாம் வாங்கிக் கொள்ளும். சாதாரண ஆல்டர்னேட்டரில் நேரடியாக இணைத்தால் அது சூடாகிக் கருகலாம். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் ஓடும்போதே திடீரென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம். இன்னொன்றும் உண்டு. லெட் ஆசிட் இறங்கும்போது லைட் மங்கி எச்சரிக்கும். லித்தியம் கடைசி வரை பிரகாசமாக இருந்துவிட்டு ஒரே நொடியில் அணையும். எனவே சார்ஜ் அளவு காட்டும் மீட்டர் இல்லாமல் அதை நம்பி இரவில் போகக் கூடாது.

வெயில் இலவசம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை 2016-ல் கமுதியில்தான் அமைத்தார்கள். படகின் கேபின் கூரையில் 100 வாட் பேனல் ஒன்று வைத்தால் நல்ல வெயில் நாளில் 25 ஏ.எச். வரை கிடைக்கும். இதன் உண்மையான பயன் தடைக்காலத்தில்தான். ஒரு சிறு பேனலும் சரியான சார்ஜ் கன்ட்ரோலரும் இருந்தால் 61 நாளும் பேட்டரி நிரம்பியே இருக்கும். கன்ட்ரோலர் இல்லாமல் பேனலை நேரடியாக இணைக்காதீர்கள். பேனல் வைக்க வசதி இல்லையா? பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்து, நிரம்பியதும் தானே குறைத்துக் கொள்ளும் சார்ஜரில் மாதம் ஒருமுறையாவது போடுங்கள். டிரான்ஸ்பார்மரும் டயோடும் மட்டும் உள்ள பழைய சார்ஜரில் இரவெல்லாம் விட்டால் தண்ணீர் கொதித்து வற்றும். குறையும் தண்ணீருக்கு டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர் அல்ல.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. செல்போன் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாது. அதன் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் டிரான்ஸ்பாண்டர்களுக்கு முக்கியத்துவம் வந்தது. நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் இவற்றைப் பொருத்தும் 364 கோடி ரூபாய் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கு மின்சாரம் வேண்டும். புதிய கருவி ஏறும்போதெல்லாம் பேட்டரி, ஒயர், சார்ஜிங் மூன்றையும் ஒருமுறை அளந்து பார்க்கும் வழக்கம் வர வேண்டும். ஐஸ், டீசல் போலப் பேட்டரி சார்ஜிங்கும் ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று அளவுகள் போதும்

இதற்குப் பெரிய படிப்பு தேவை இல்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். காலையில் எதையும் போடும் முன் பேட்டரியை அளங்கள், 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். செல்ப் அடிக்கும்போது அளங்கள். 10-க்குக் கீழே விழக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையிலேயே அளங்கள். 14-ஐ ஒட்டி வர வேண்டும். முதலாவது குறைந்தால் சார்ஜ் பற்றவில்லை. இரண்டாவது மட்டும் குறைந்தால் பேட்டரி போகப் போகிறது. மூன்றாவது குறைந்தால் ஒயரையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். பேட்டரிக் கடைக்குப் போகாதீர்கள்.

வீட்டு வாசகர்களுக்கும் இது பொருந்தும். 2012-ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் கரண்டில் எந்த இன்வெர்ட்டர் பேட்டரியும் நிரம்பவில்லை. என்னிடம் வந்தவர்களில் பலர் பெரிய பேட்டரி வாங்கினார்கள், அதுவும் நிரம்பவில்லை. சார்ஜிங் கரண்டைக் கூட்டி வைக்கும் ஸ்விட்ச் இன்வெர்ட்டரின் பின்னாலேயே இருந்தது பலருக்குத் தெரியாது!

நண்பர் கடைசியில் 200 ஏ.எச். வாங்கவில்லை. செத்துப்போன 150-ஐக் கொடுத்துவிட்டு, ஸ்டார்ட்டருக்குச் சிறிய பேட்டரி ஒன்றும் கருவிகளுக்கு 120 ஏ.எச். ஒன்றும் நடுவில் ஒரு ரிலேயும் போட்டார். மூன்றாவது ஆண்டாக அவைதான் ஓடுகின்றன. இந்தச் சித்திரைக்கும் வந்திருந்தார். கூரைப் பேனலில் பேட்டரி 13.5 வோல்ட்டில் இருப்பதைச் செல்போனில் படம் எடுத்துக் கொண்டு வந்து காட்டினார். நீங்களும் இன்றே உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியை ஒருமுறை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் அளந்து பாருங்கள். புதிய பேட்டரி வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.